சிப்பும் காந்தமும்: யார் குடுமி யார் கையில்?

போனிலிருந்து பொம்மை வரை எல்லாமே சீனாவில் செய்கிறார்கள். 2024-இல் நிலவின் மறுபக்கத்தில் இறங்கி மண் அள்ளிக்கொண்டு வந்தார்கள். உலகின் மிக நீளமான அதிவேக ரயில் வலைப்பின்னல் அவர்களுடையது. அப்படிப்பட்ட நாட்டுக்கு விரல் நகம் அளவே உள்ள ஒரு சிப்பைச் செய்வதில் என்ன சிக்கல்?

சீனா–அமெரிக்கா தொழில்நுட்பச் சண்டையைப் பற்றி முதன்முறை படிப்பவர்கள் பலரும் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். இதற்கு விடை தெரிந்தால் சண்டையில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதிக்கு வேறொரு கேள்வி கேட்க வேண்டும்: போர் விமானமே செய்கிற அமெரிக்காவால் ஒரு காந்தத்தை ஏன் சொந்தமாகச் செய்துகொள்ள முடியவில்லை?

முதலில் சிப்.

ஐபோனுக்குள் இருக்கும் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பது கலிபோர்னியாவில் இருக்கும் ஆப்பிள். வடிவமைக்கத் தேவையான மென்பொருளை விற்பவை சினாப்சிஸ், கேடன்ஸ் என விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள். தயாரிப்பது தைவானின் டிஎஸ்எம்சி. அதில் பூசும் ஒளியுணர் ரசாயனம் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வருகிறது. ஆலைக்குள் நிற்கும் எந்திரங்கள் அமெரிக்கா, ஜப்பான், நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் கைவண்ணம். முன்னணிச் சிப்பை முழுக்க முழுக்கத் தனியாகச் செய்யும் நாடு உலகில் ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவாலும் முடியாது.

இந்தச் சங்கிலியில் சீனாவுக்கு நெடுங்காலம் கிடைத்த இடம் கடைசிக் கண்ணிதான்: சிப்பை வாங்கிப் போனாகவும் கணினியாகவும் கோத்து அனுப்பும் இடம். 2021-இல் சிப் இறக்குமதிக்கு மட்டும் சீனா 40,000 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. கச்சா எண்ணெய்க்குக் கொடுத்ததைவிட அது அதிகம். வாங்கிய சிப்புகளில் பெரும்பகுதி பொருளுக்குள் ஏறி மறுபடி வெளிநாட்டுக்கே போய்விடுகிறது என்பதால் இந்தக் கணக்கை அப்படியே சீனாவின் பயன்பாடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அடுத்தவர் சிப் தராவிட்டால் ஆலைகள் நின்றுவிடும் என்ற நிலை பெய்ஜிங்குக்கு உறுத்தலாகவே இருந்தது.

அதனால் 2014-இல் சிப் துறைக்கென்று ஒரு தேசிய முதலீட்டு நிதியைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு 'மேட் இன் சீனா 2025' திட்டம் வந்தது. சிப், ரோபோ, மின்வாகனம், விமானம், மருத்துவக் கருவி என்று பத்துத் துறைகள். முக்கிய உதிரிப் பாகங்களிலும் மூலப்பொருள்களிலும் 70 சதவீதத்தை 2025-க்குள் உள்நாட்டிலேயே செய்துகொள்ள வேண்டும் என்பது இலக்கு. வாஷிங்டனில் இதைப் படித்தவர்களுக்கு இது வெறும் தொழில் வளர்ச்சித் திட்டமாகத் தெரியவில்லை. அரசுப் பணத்தை இறைத்து, வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து தொழில்நுட்பத்தைக் கறந்து, கடைசியில் அவற்றையே சந்தையிலிருந்து விரட்டும் திட்டம் என்றார்கள். பணக்கார நாடுகள் எல்லாம் இப்படித்தானே வளர்ந்தன, எங்களுக்கு மட்டும் ஏன் தடை என்றது சீனா. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. எரிச்சல் அதிகமானதும் திட்டத்தின் பெயரைச் சீன அதிகாரிகள் வெளியில் உச்சரிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். வேலை நிற்கவில்லை.

முதல் அடி 2018 ஏப்ரலில் விழுந்தது. இசட்டிஇ என்ற சீனத் தொலைத்தொடர்பு நிறுவனம் தடையை மீறி ஈரானுக்கும் வடகொரியாவுக்கும் அமெரிக்கப் பொருள்களை விற்றதாக ஒப்புக்கொண்டிருந்தது. அது தொடர்பாகச் செய்துகொண்ட ஒப்பந்தப்படி நடந்துகொள்ளவில்லை என்று சொல்லி, ஏழாண்டுகளுக்கு அமெரிக்கப் பாகங்கள் எதையும் அது வாங்கக் கூடாது என்று அமெரிக்க வணிகத்துறை உத்தரவு போட்டது. சில வாரங்களில் இசட்டிஇ தன் முக்கிய வேலைகளை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. பல்லாயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனம் ஒரு காகிதத்தில் முடங்கிப்போனது. 100 கோடி டாலர் அபராதம், கூடவே 40 கோடி டாலர் பிணைத்தொகை என்று பேசி முடித்த பிறகே ஜூலையில் தடை விலகியது.

இசட்டிஇ பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் சீனாவுக்கு ஏற்பட்ட அதிர்ச்சி பெரிது. சீன அரசின் அறிவியல் நாளிதழ் அந்த ஆண்டு ஒரு தொடர் வெளியிட்டது. வெளிநாட்டார் நினைத்தால் சீனாவின் கழுத்தை நெரிக்கக்கூடிய 35 தொழில்நுட்பங்களின் பட்டியல் அது. முதலிடம் லித்தோகிராஃபி எந்திரத்துக்கு.

அந்த எந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். மொத்தச் சண்டைக்கும் அச்சாணி அதுதான்.

சிலிக்கான் தகட்டின் மேல் ஒளியுணர் ரசாயனத்தைப் பூசி, சுற்றின் வரைபடத்தை அதன்மேல் ஒளியால் பதிப்பதற்குப் பெயர் லித்தோகிராஃபி. ஒளியின் அலைநீளம் குறையக் குறையக் கோடு நுணுக்கமாக விழும். சுண்ணாம்பு அடிக்கிற மட்டையால் கண்ணுக்கு மை தீட்ட முடியாது. பழைய தலைமுறை எந்திரங்கள் 193 நானோமீட்டர் (ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) அலைநீள ஒளியில் வேலை செய்பவை. புதியவை 13.5 நானோமீட்டர். இந்தப் புதிய எந்திரத்தைச் செய்யத் தெரிந்த நிறுவனம் உலகில் ஒன்றே ஒன்று: நெதர்லாந்தில் வெல்ட்ஹோவன் என்ற ஊரிலிருக்கும் ஏஎஸ்எம்எல். ஒரு எந்திரத்தின் விலை 15 கோடி டாலருக்கு மேல்.

ஏன் வேறு யாராலும் முடியவில்லை? அந்த ஒளியை உண்டாக்கும் விதத்தைக் கேட்டாலே தலை சுற்றும். உருகிய வெள்ளீயத்தை நொடிக்கு 50,000 துளிகளாக ஒரு வெற்றிட அறைக்குள் சொட்டவிடுகிறார்கள். ஒவ்வொரு துளியும் விழும்போதே அதன்மேல் லேசர் இரண்டு முறை பாய்கிறது. முதல் அடியில் துளி தட்டையாகிறது. இரண்டாவது அடியில் பிளாஸ்மாவாகி ஒளி விடுகிறது. இந்த ஒளியைக் காற்றும் விழுங்கும், கண்ணாடி வில்லையும் விழுங்கும். ஆகவே லென்ஸ் கிடையாது. முழுப் பாதையும் வெற்றிடத்தில், ஆடிகளில் பட்டுப் பட்டுத்தான் ஒளி தகட்டை அடைய வேண்டும். அந்த ஆடிகளைச் செய்வது ஜெர்மனியின் சைஸ். லேசர் இன்னொரு ஜெர்மன் நிறுவனமான டிரம்ஃப் கொடுப்பது. ஒளிமூலத் தொழில்நுட்பம் அமெரிக்காவின் சான் டியேகோவில் இருந்த சைமர் நிறுவனத்துடையது. ஏஎஸ்எம்எல் அதை 2013-இல் வாங்கிக்கொண்டது. ஜப்பானின் நிக்கானும் கேனானும் இந்தப் போட்டியில் தாக்குப்பிடிக்க முடியாமல் விலகியவை.

ஒரு எந்திரத்தைத் திருட்டுத்தனமாக வாங்கிப் பிரித்துப் பார்த்தாலும் இதைச் செய்துவிட முடியாது என்பது இப்போது புரிந்திருக்கும். திருகாணி அளவு ரகசியம் அல்ல இது. பல ஆயிரம் சப்ளையர்களும் பல பத்தாண்டு அனுபவமும் சேர்ந்த ஒரு கூட்டு. சான் டியேகோ சங்கதியும் முக்கியம். நெதர்லாந்து எந்திரத்துக்குள் அமெரிக்கத் தொழில்நுட்பம் இருக்கிறது என்பதால்தான் அதை யாருக்கு விற்கலாம் என்பதில் வாஷிங்டனுக்குச் சொல்ல வாய் இருக்கிறது. அமெரிக்கா கொடுத்த அழுத்தத்தில் நெதர்லாந்து அரசு உரிமம் தராததால், 13.5 நானோமீட்டர் எந்திரம் ஒன்றுகூடச் சீனாவுக்கு விற்கப்படவில்லை.

அடுத்தது ஹுவாவே. 5ஜி கருவிகளில் உலகிலேயே முன்னால் நின்ற சீன நிறுவனம். அதன் கருவிகளை நாட்டின் தொலைத்தொடர்பு வலைக்குள் விட்டால் சீன அரசு ஒட்டுக்கேட்கும் என்று அமெரிக்கா பிரசாரம் செய்தது. ஹுவாவே மறுத்தது. ஆஸ்திரேலியா 2018-இல் கதவை மூடியது. பிரிட்டன் 2020-இல், 2027-க்குள் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவதாகச் சொன்னது. இந்தியா வெளிப்படையாகத் தடை என்று அறிவிக்காமலேயே 2021-இன் 5ஜி சோதனைகளில் சீன நிறுவனங்களைச் சேர்க்காமல் விட்டது.

இதைவிடப் பெரிய அடி, 2020-இல் அமெரிக்கா விரிவாக்கிய ஒரு விதி. சிப் எந்த நாட்டில் தயாரானாலும் சரி, அதைச் செய்ய அமெரிக்க எந்திரமோ மென்பொருளோ பயன்பட்டிருந்தால் ஹுவாவேக்குக் கொடுக்க அமெரிக்காவின் அனுமதி வேண்டும். அமெரிக்கக் கருவி தொடாத முன்னணிச் சிப் ஆலையே கிடையாது. டிஎஸ்எம்சி ஹுவாவேக்குச் சிப் செய்வதை நிறுத்தியது. ஹுவாவே தன் ஹானர் போன் பிராண்டை விற்றது. 2020-இல் 89,100 கோடி யுவானாக இருந்த வருமானம் மறு ஆண்டு 63,700 கோடி யுவானாகச் சரிந்தது. இந்த விதியை நினைவில் வையுங்கள், பின்னால் இது வேறு வேஷத்தில் வரும்.

2022 அக்டோபர் 7-ஆம் தேதி அமெரிக்கா அடுத்த படிக்குப் போனது. அதுவரை தனித்தனி நிறுவனங்கள்தான் குறி. இப்போது நாடே குறி. செயற்கை நுண்ணறிவுக்குத் தேவையான, அமெரிக்கச் சிப் நிறுவனமான என்விடியாவின் ஏ100, எச்100 போன்ற உயர்ரகச் சிப்புகளும், அவற்றைச் செய்ய உதவும் எந்திரங்களும் சீனாவுக்கு உரிமம் இல்லாமல் போகக் கூடாது. சீனாவின் முன்னணி ஆலைகளில் அமெரிக்கக் குடிமக்கள் வேலை செய்யவும் உரிமம் வேண்டும். பொறியாளர்கள் சில நாள்களிலேயே மூட்டை கட்டினார்கள். ஆயுத வடிவமைப்பு, ராணுவத்துக்கான செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றுக்குத்தான் தடை, வியாபாரத்துக்கு அல்ல என்பது அமெரிக்காவின் வாதம். சின்ன முற்றம், உயரமான வேலி என்று இதை வருணித்தார் அதிபர் பைடனின் பாதுகாப்பு ஆலோசகர் ஜேக் சல்லிவன். வேலி உயர்ந்தது உண்மை. முற்றம் சின்னதாகவே இருந்தது என்று மட்டும் சொல்ல முடியாது. 2023-இல் ஜப்பானும் நெதர்லாந்தும் தங்கள் பங்குக்குக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தன.

சரி, தடை வேலை செய்ததா?

2023 ஆகஸ்ட் 29. அமெரிக்க வணிகத்துறைச் செயலர் ஜீனா ரைமண்டோ சீனாவில் இருக்கிறார். அன்று முன்னறிவிப்பில்லாமல் ஹுவாவே ஒரு போனை விற்பனைக்கு விட்டது: மேட் 60 புரோ. பிரித்துப் பார்த்த நிபுணர்கள் உள்ளே கண்டது, ஷாங்காயின் எஸ்எம்ஐசி ஆலையில் செய்த 7 நானோமீட்டர் தலைமுறைச் சிப். (இந்த 7, 5, 3 எல்லாம் தலைமுறையின் பெயர்கள், சிப்பின் உள்ளே அந்த அளவில் எதையும் தேட வேண்டாம்.) புதிய எந்திரம் இல்லாமல் எப்படிச் செய்தார்கள்? 193 நானோமீட்டர் பழைய எந்திரத்தை வைத்தே, ஒரே அடுக்கைச் சிறிது நகர்த்தி நகர்த்திப் பலமுறை பதிக்கும் முறையில். டிஎஸ்எம்சியே முன்பு 7 நானோமீட்டரின் முதல் வடிவத்தை அப்படித்தான் செய்தது. அந்த டிஎஸ்எம்சியில் பழகிய லியாங் மோங்-சோங் இப்போது எஸ்எம்ஐசியின் இணைத் தலைமை நிர்வாகி.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் விலை உண்டு. ஒவ்வொரு கூடுதல் பதிப்பும் நேரத்தையும் செலவையும் கூட்டும், பிழைக்கான வாய்ப்பையும் கூட்டும். ஒரு தகட்டிலிருந்து தேறும் நல்ல சிப்புகளின் எண்ணிக்கை குறையும். இதற்குள் டிஎஸ்எம்சி 3 நானோமீட்டரைத் தாண்டிப் போய்விட்டது. எனவே 'தடை தோற்றது' என்று ஒரு கூட்டமும் 'சீனா தோற்றது' என்று இன்னொரு கூட்டமும் கூவும்போது, இரண்டையும் பாதிதான் நம்ப வேண்டும். சீனாவின் வேகத்தைத் தடை குறைத்தது. அதே தடைதான், அதுவரை உள்நாட்டுக் கருவிகளை ஏறெடுத்தும் பார்க்காத சீன ஆலைகளை அவற்றை வாங்க வைத்தது. ஹுவாவேயின் வருமானம் 2024-இல் 86,200 கோடி யுவானுக்கு ஏறிவிட்டது.

2025 ஜனவரியில் சீனாவின் ஹாங்சோ நகரிலிருந்து டீப்சீக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் வந்தது. தடைக்கு ஏற்ப வேகம் குறைத்து என்விடியா விற்ற எச்800 சிப்புகளை வைத்தே, அமெரிக்க மாதிரிகளோடு தோள் உரசும் ஒரு மொழி மாதிரியைப் பயிற்றுவித்து இலவசமாக வெளியிட்டார்கள். ஜனவரி 27 அன்று ஒரே நாளில் என்விடியாவின் சந்தை மதிப்பில் ஏறக்குறைய 60,000 கோடி டாலர் கரைந்தது.

சீனாவின் பணம் எல்லாம் பலன் தந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். வூஹானில் மாபெரும் சிப் ஆலை கட்டுவதாகக் கிளம்பிய ஒரு நிறுவனம், ஒரு சிப்கூடச் செய்யாமல் 2021-இல் இழுத்து மூடப்பட்டது. தேசிய முதலீட்டு நிதியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள்மேல் 2022-இல் ஊழல் விசாரணை நடந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2024-இல் அந்த நிதியின் மூன்றாம் கட்டத்துக்கு 34,400 கோடி யுவான் ஒதுக்கினார்கள்.

இனிக் காந்தம்.

நியோடிமியம் காந்தம் சின்னதாக இருக்கும், இழுவிசை பயங்கரமாக இருக்கும். மின்வாகன மோட்டார், காற்றாலை, போன் ஸ்பீக்கர், ஏவுகணை, காரில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் என்று எங்கும் அதுதான். ஓர் எஃப்-35 போர் விமானத்தில் மட்டும் 400 கிலோவுக்கு மேல் அருமண் (ரேர் எர்த்) தனிமங்கள் இருப்பதாக அமெரிக்க நாடாளுமன்ற அறிக்கை ஒன்று சொல்கிறது. காந்தம் சூட்டிலும் வலு இழக்காமலிருக்க அதில் டிஸ்புரோசியம் கொஞ்சம் சேர்ப்பார்கள். இவையெல்லாம் 17 தனிமங்கள் கொண்ட அருமண் குடும்பத்தைச் சேர்ந்தவை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் காந்தத்தைச் சீனா கண்டுபிடிக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் சுமிடோமோவும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அருமண் தோண்டுவதில் அன்று முதலிடமும் கலிபோர்னியாவின் மவுன்டன் பாஸ் சுரங்கத்துக்கே. ஜெனரல் மோட்டார்ஸ் தன் காந்தத் தொழிலை 1995-இல் சீனப் பங்காளிகள் அடங்கிய ஒரு கூட்டணிக்கு விற்றது. ஆலை பின்னால் சீனாவுக்கே இடம்பெயர்ந்தது. மவுன்டன் பாஸ் 2002-இல் தோண்டுவதை நிறுத்தியது. மத்திய கிழக்கில் எண்ணெய் இருக்கிறது, சீனாவில் அருமண் இருக்கிறது என்று சீனத் தலைவர் டெங் சியாவோபிங் 1992-இலேயே சொன்னதாகக் குறிப்பிடுவார்கள்.

அருமண் என்ற பெயரைப் பார்த்துப் பூமியில் அபூர்வமாகக் கிடைப்பது என்று எண்ணிவிடக் கூடாது. பல நாடுகளில் இருக்கிறது. பிரிப்பதுதான் பாடு. ரசாயனக் குணத்தில் இந்தத் தனிமங்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க அமிலக் கரைசலில் நூற்றுக்கணக்கான படிகள் தாண்ட வேண்டும். கழிவு ஏராளம், சில தாதுக்களில் கதிரியக்கமும் உண்டு. உள் மங்கோலியாவின் பாவ்டோ நகருக்கு வெளியே கிடக்கும் பெரும் கழிவு ஏரி இதற்குச் சாட்சி. மேற்கு நாடுகள் இந்த அழுக்கு வேலையைச் சீனாவிடம் தள்ளிவிட்டு மலிவு விலையை அனுபவித்தன. இன்று தோண்டுவதில் சுமார் 70 சதவீதமும் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதமும் சீனாவின் கையில்.

2025 ஏப்ரலில் டிரம்ப் சீனப் பொருள்கள்மேல் வரியை ஏற்றிக்கொண்டே போனபோது, சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. மே மாதத்தில் சிகாகோவில் ஃபோர்டின் ஆலை ஒரு வாரம் நின்றது. ஜப்பானில் சுசுகி ஸ்விஃப்ட் கார் தயாரிப்பை நிறுத்தியது. இந்தியாவில் மின் ஸ்கூட்டர் செய்பவர்களும் காந்தத்துக்கு அலைந்தார்கள். அக்டோபர் 9-ஆம் தேதி சீனா இன்னொரு விதியை அறிவித்தது. வெளிநாட்டில் செய்த பொருளாக இருந்தாலும் அதன் மதிப்பில் 0.1 சதவீதம் சீன அருமண் இருந்தால் சீனாவின் அனுமதி வேண்டும். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன அமெரிக்க விதியின் அச்சு அசல் பிரதி இது.

பிடியைப் பயன்படுத்துவதில் ஓர் ஆபத்து உண்டு. சீனா இதை 2010-லேயே ஒருமுறை பார்த்தது. சீனாவும் ஜப்பானும் உரிமை கொண்டாடும் சென்காகு தீவுகளை ஒட்டி நடந்த படகு மோதலுக்குப் பிறகு ஜப்பானுக்கு அருமண் வருவது தடைப்பட்டது. ஜப்பான் சும்மா இருக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்தில் பணம் போட்டது, மலேசியாவின் குவாந்தானில் அது நடத்தும் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வாங்கியது, கையிருப்பைப் பெருக்கியது. சீனாமேல் அதன் சார்பு சுமார் 90 சதவீதத்திலிருந்து 60 சதவீதம் வரை இறங்கியது. அமெரிக்கச் சிப் தடைக்குச் சீனா செய்ததும் அடிப்படையில் இதே வேலைதான். என் கணிப்பில், இழுக்காதவரைதான் குடுமிக்கு மதிப்பு. இழுத்த அன்றிலிருந்து எதிராளி மொட்டை அடித்துக்கொள்ள வழி தேடத் தொடங்கிவிடுகிறான். அருமண்ணில் அதற்குச் சில ஆண்டுகள் போதலாம். வெள்ளீயத் துளி எந்திரத்தை எட்ட அதைவிடப் பல மடங்கு காலம் ஆகும். ஆனால் சந்தை, பொறியாளர்கள், அரசுப் பணம் மூன்றும் சீனாவிடம் குறைவில்லை.

இந்த இடத்தில் நம் ஊரையும் சொல்ல வேண்டும். 1909-இல் திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாது இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டார். தேடி வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அன்று வேண்டியது விளக்குத் திரிகளுக்கான தோரியம். அதே மோனசைட்டில்தான் நியோடிமியமும் இருக்கிறது. அங்கே இப்போது மத்திய அரசின் ஐஆர்இஎல் ஆலை நடக்கிறது. மணல் அள்ளுவதை விரிவாக்கும் திட்டத்துக்குக் கடலோர மக்கள் கதிர்வீச்சு அச்சத்தால் எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறைக் கணக்கில் இந்தியாவின் அருமண் இருப்பு 69 லட்சம் டன். 2024-இல் எடுத்தது 2,900 டன். சீனா எடுத்தது 2,70,000 டன். மணல் நம்மிடம் இருந்தும் காந்தம் அங்கிருந்து வருவதற்குக் காரணம், மேலே சொன்ன அந்தப் பிரித்தெடுக்கும் பாடுதான். காந்த ஆலைகளுக்காக 7,280 கோடி ரூபாய் திட்டம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில் ஒப்புதல் தந்தது.

2025 அக்டோபர் 30-ஆம் தேதி தென்கொரியாவின் பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். அக்டோபரில் அறிவித்த அருமண் விதிகளைச் சீனா ஓராண்டு தள்ளிவைத்தது. அமெரிக்காவும் தன் புதிய கட்டுப்பாடு ஒன்றைத் தள்ளிவைத்தது. ஏப்ரல் விதி அப்படியே இருக்கிறது. டிசம்பரில் என்விடியாவின் எச்200 சிப்பைச் சீனாவுக்கு விற்கலாம், விற்பனையில் 25 சதவீதம் அமெரிக்க அரசுக்கு வர வேண்டும் என்றார் டிரம்ப். மவுன்டன் பாஸை இப்போது நடத்தும் எம்பி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத்துறை 40 கோடி டாலர் போட்டுப் பெரும் பங்குதாரராகிவிட்டது. சிப் நிறுவனமான இன்டெல்லில் ஏறக்குறைய 10 சதவீதத்தை அமெரிக்க அரசே வாங்கியிருக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் சீனா இப்படிச் செய்கிறது என்றுதான் வாஷிங்டன் குறைபட்டுக்கொண்டிருந்தது.